மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா

அக்கா ஒரு வகுப்புக்குள் நுழைந்தால் ஓர் ஆள் கூடியது போல் இருக்காது, யாரோ எழுந்து வெளியே போனது போல்தான் இருக்கும். எனக்கு எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு, வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் இதில் கூட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் புது முகத்தைக் கண்டால் மொய்த்துக்கொள்வார்கள். என்னைக் கண்டால் அப்படித்தான். “ஆண்ட்டி பேரு என்னா? ஆண்ட்டி ஓட்டிட்டு வந்த கெரேத்தா என்னா கலரு? ஆண்ட்டி ஏன் குண்டா இருக்கீங்க?” எல்லாக் கேள்வியும் வரும். அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார்கள். பிறகு அலமாரியைச் சுற்றிப் போவது போல் அவரைச் சுற்றிப் போய்விடுவார்கள்.

எங்கள் வேலைக்கு அதுதான் வேண்டும். பாலர் பள்ளிகளுக்குப் போய், ஒரு காலை முழுவதும் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து, அங்கே பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை. பக்கத்து நாடுகள் சில சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு. எல்லா நாட்டுப் பாலர் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வைப்பது, குறை தெரிந்த இடத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தரத்தை உயர்த்துவது என்பது திட்டம். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு அலுவலகம். கீழே ஒரு சீனரின் கோப்பிக்கடை. வறுத்த காப்பிக்கொட்டை வாசனையில்தான் எங்கள் கூட்டமெல்லாம் நடக்கும்.

பள்ளிகளுக்கு இருவர் இருவராகப் போவோம். ஒரே வகுப்பை இருவரும் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, வெளியே வந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் அக்கா. நான் வாயாடி. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர், அதையும் யோசித்துச் சொல்பவர். எங்களைச் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்குக் குறும்பு அதிகம்.

அக்கா நாற்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். ஆனால் கழுத்திலிருந்த சின்னச் சிலுவையைக்கூட வேலை நாளில் உடைக்குள் தள்ளிவிடுவார். மின்னினால் பிள்ளைகள் தொட வருவார்களாம். வளையல் கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது, பவுடர் கிடையாது. எப்போதும் மண் நிறத்தில் பாஜு கூரோங் என்கிற தொளதொள மலாய் உடை. நான் ஒருநாள் சிவப்புச் சேலையும் தலையில் மல்லிகையுமாகப் போய் இறங்கினேன். அக்கா மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னிக்கி என்னா, கல்யாண வீடா?”

“நல்லா இருக்கில்ல அக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் கவல. நாம இருக்கறதே அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாது லா. தெரிஞ்சா டீச்சரும் நடிப்பாங்க, பிள்ளையும் நடிக்கும். அப்புறம் நாம எதப் பாத்து மார்க் போடறது?”

மல்லிகையைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஒருமுறை பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் வீடு வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி பொம்மையைக் குளிப்பாட்டி, அதன் சட்டையைப் பிழிந்து, காயப்போட இடம் தேடினாள். அக்காவின் முழங்கால் கண்ணில் பட்டது. அதன் மேல் விரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். விளையாட்டு முடிகிறவரை அக்கா காலை அசைக்கவில்லை. நான் என் கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். காருக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். “காயற வரைக்கும் ஆடக் கூடாதில்ல” என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒரே அளவுகோல் என்று சொல்வது சுலபம். அதற்காக அந்த மாடியில் நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமல்ல. மேடானிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், இபு என்று கூப்பிடுவோம். தாய்லாந்திலிருந்து ஓர் இளைஞர். வகுப்பில் ஒரு பிள்ளை அழுகிற காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டி, இந்த ஆசிரியைக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். உடனே தூக்கவில்லை, ஆகவே குறைவு என்றார் இபு. தூரத்திலிருந்து குரல் கொடுத்தாரே, அது போதும் என்றார் தாய்லாந்துக்காரர். சில பிள்ளைகள் சும்மாவே அழும், என் தங்கை மகன் அப்படித்தான் என்று நான் என் பங்குக்குக் குழப்பினேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

அக்கா கடைசியில் மலாயில் மெதுவாகப் பேசினார். தூக்குவதும் அணைப்பதும் குரல் கொடுப்பதும் அந்தந்த ஊர் வழக்கம், அதை விட்டுவிடுவோம் என்றார். பிள்ளை கூப்பிட்ட பிறகு பெரியவர்களில் யார் முதலில் திரும்பிப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் கழித்துப் பார்க்கிறார், அதை மட்டும் பார்ப்போம். திரும்பிப் பார்ப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றார். இபு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அது அப்படியே அளவுகோலில் ஏறியது. பெயர் இல்லாமல்தான் ஏறியது, ஆனால் எங்களுக்குள் அதற்கு ‘அக்கா கேள்வி’ என்றுதான் பெயர். புதிதாக வருகிறவர்கள் போட்ட மதிப்பெண் சரியா என்று பார்ப்பதற்கு அக்கா போட்ட மதிப்பெண்ணைத்தான் பக்கத்தில் வைப்பார்கள்.

சிம்பாங் அம்பாட்டில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் ஒரு பாலர் பள்ளி. அறை நிறையப் பிள்ளைகள், ஒரே ஓர் ஆசிரியை. காலையிலேயே ஒரு பையன் வாந்தி எடுத்திருந்தான். ஆசிரியை அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிறுமி “டீச்சர்” என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். ஆசிரியைக்குக் கேட்கவில்லை. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாத அக்காவைக் கண்டுபிடித்துவிட்டாள். நேராக வந்து முன்னால் நின்றாள்.

“ஆண்ட்டி, ஒண்ணுக்கு வருது.”

அக்கா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே ஆசிரியையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. பிள்ளை இன்னொருமுறை சொன்னாள், கால்களை இறுக்கிக்கொண்டாள். நான் எழப்போனேன். அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆபத்து என்றாலொழிய நாங்கள் தலையிடக் கூடாது, அது விதி. பிள்ளை அங்கேயே நனைத்துக்கொண்டாள். அக்காவின் பாதம்வரை ஈரம் வந்தது. அவர் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

காரில் ஏறியதும் நான் கத்தினேன். “நீங்க என்னா மனுஷி அக்கா? கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனா என்னா கொறஞ்சிடும்?”

“கூட்டிட்டுப் போலாம். இன்னிக்கி ஒரு நாளு தப்பிச்சிருக்கும். நாளைக்கி நான் இருப்பேனா?” அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். “அந்த டீச்சரு ஒத்த ஆளு, பாவம். நான் எழுந்திருச்சிட்டா அவங்களுக்கு ஆளு பத்தலன்னு மார்க்குல தெரியாது. தெரியலன்னா யாரும் ஆளு போட மாட்டாங்க. அந்தப் பிள்ள தெனமும் நனைச்சிக்கும்.”

அவர் சொன்னபடிதான் நடந்தது. அந்தப் பள்ளிக்குக் கிடைத்த குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து உதவிக்கு ஒரு பெண்ணைப் போட்டார்கள். இபு நேரில் வந்து, கூட்டமான வகுப்பை எப்படிப் பிரித்து வைத்துக்கொள்வது என்று காட்டிக்கொடுத்தார். அடுத்த தடவை நாங்கள் போனபோது அதே சிறுமி கூப்பிட்டாள், புதிய பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அக்கா காரில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். ஆனாலும் ஈரத்தில் அசையாமல் இருந்த அந்தப் பாதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அக்காவின் வீடு ஜூருவில். கணவருக்கு அங்கேயே ஒரு கார் பட்டறையில் வேலை. காலம் கடந்து கல்யாணம், அதற்கும் பிறகு தவமிருந்து பெற்றது போல் ஒரே ஒரு மகள். பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு நான்கு வயது. அப்பா ஜாடை, அம்மாவின் கண். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்கா வாய் ஓயாது. பாப்பா இதைச் சொன்னாள், பாப்பா அதைத் தின்னமாட்டேன் என்றாள் என்று அலுவலகத்துக்குப் போகிற வழியில் கடல்பாலத்தைக் கடக்கிற நேரம் முழுவதும் பேசிக்கொண்டே வருவார்.

வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களைப் பழக்க ஒரு வகுப்பு உடனே கிடைக்காது. பள்ளிகள் அனுமதி தர நாளாகும். அதனால் அக்கா அவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போவார். கூடத்தின் நடுவில் பாப்பா விளையாடுவாள், வந்தவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பார்த்துப் பழகுவார்கள். அக்காவும் அவர்களோடு உட்காருவார். பாப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம் சொல்லி வைத்திருந்தார். அம்மா வேலை செய்யும்போது அம்மாவைக் கூப்பிடக் கூடாது, ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவைக் கூப்பிட வேண்டும். பிள்ளை அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். சாமர்த்தியமாகவும் செய்தாள். தாய்லாந்து இளைஞர் அவளுக்குக் கைதட்டிவிட்டுப் போனார். அக்காவின் கணவர் மட்டும் சமையலறையிலிருந்து முணுமுணுப்பார்.

“வீட்டுலயுமா பரீட்ச? புள்ள புள்ளையா இருக்கட்டும் லா.”

“ஒரு மணி நேரம்தானங்க. அவளுக்கும் பழகிப்போச்சு” என்பார் அக்கா.

பழகித்தான் போயிருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்குப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில், யாரும் வந்து சாப்பிடலாம் என்று, திறந்த இல்ல உபசரிப்பு வைத்தோம். அலுவலகம் மொத்தமும் வந்தது. இபுகூட ஊருக்குப் போகாமல் தங்கியிருந்து வந்தார். வீடு கொள்ளாத கூட்டம். பின்பக்கம் ஒரு தாழ்ந்த மேசையில் தேத்தண்ணீர்க் கலன் வைத்திருந்தோம், குழாய் திருகிப் பிடித்துக்கொள்கிற பெரிய கலன். நான் முறுக்குத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தபோது முதலில் பார்த்தது அக்காவின் முகத்தைத்தான். சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். சிம்பாங் அம்பாட்டில் பார்த்த அதே முகம், ஒன்றுமே இல்லாத முகம். தீபாவளி வீட்டில் இந்த அக்காவுக்கு என்ன வேலை என்று சிரிப்புக்கூட வந்தது. அப்புறம்தான் அவர் பார்த்த திசையில் பார்த்தேன்.

பாப்பா கலனின் முன்னால் நின்றாள். ஒரு கை குழாயின் கீழே, மற்றக் கை திருகில். திருகு இறுக்கமாக இருந்தது போலும். அவள் திரும்பி, “அம்மா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அக்கா கூட்டத்தில் இருந்த பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவரைவிடக் கிட்டத்தில் வேறு யாருமே இல்லை.

தட்டு எங்கே விழுந்ததென்று தெரியாது. நான் போய் இழுப்பதற்குள் கொதிக்கிற தேத்தண்ணீர் பிள்ளையின் விரல்களில் கொட்டிவிட்டது. அவள் வீறிட்டாள். தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியின் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அக்கா வந்தார். தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டது போல் இருந்தார்.

“என்னாக்கா, பக்கத்துலதான நின்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“யாரு மொதல்ல திரும்பிப் பாக்குறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அவர் கணவர் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். வெளியே ஹார்ன் அடிக்கும்வரை அக்கா அந்தத் தொட்டியின் முன்னாலேயே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காயம் ஆறிவிட்டது. சின்னப் பிள்ளையின் தோல், தழும்புகூட நிற்கவில்லை. ஆனால் அக்கா வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லித்தான் கெஞ்சினோம். “பாப்பாகூட இருக்கணும்” என்றார், அவ்வளவுதான். அவருடைய கேள்வி மட்டும் அளவுகோலில் அப்படியே இருக்கிறது, நாங்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். பிறகு ஒரு தடவை மேடானில் ஒரு பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே மூலையில் இபு பழக்கிய ஓர் இளம்பெண் மண் நிற உடையில் உட்கார்ந்திருந்தாள். வளையல் இல்லை, கடிகாரம் இல்லை. பிள்ளைகள் அவளைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

வேலையை விட்ட பிறகு அக்கா அடிக்கடி போன் செய்வார். முன்பு பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுவார்.

“கூப்பிட மாட்டேங்குறா தங்கச்சி.”

“யாருக்கா?”

“பாப்பாதான். எங்கூட நல்லாத்தான் இருக்கா. சிரிக்கிறா, கத கேக்குறா, எங்கிட்டதான் படுத்துக்கிறா. வலிச்சா மட்டும் கூப்பிட மாட்டேங்குறா. விழுந்தா அவளே எழுந்திருச்சிக்கிறா, இல்லன்னா அப்பா வர்ற வரைக்கும் பேசாம உக்காந்திருக்கா. அன்னிக்கி ஒங்க வீட்டுல கூப்பிட்டதுதான் கடைசி.”

“மறந்துடுவா அக்கா. பிள்ளைங்க எல்லாத்தையும் மறந்துடும்.”

“ஒரு தடவ கூப்பிடட்டும், போதும். எங்க இருந்தாலும் பறந்து போயி நிப்பேன்.”

எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், கொஞ்ச நாள் போகட்டும் என்று. போனை வைத்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருப்பேன்.

அடுத்த தீபாவளியும் கடந்து ஒரு நாள் மத்தியானம், ஜூரு பக்கம் போக வேண்டியிருந்தது. அப்படியே அக்கா வீட்டுக்குப் போனேன். மஞ்சளில் பூப்போட்ட சட்டை போட்டிருந்தார், கையில் வளையல் போட்டிருந்தார், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பாப்பா வாசலுக்கு வெளியே, சந்தின் சிமெண்டுத் தரையில் சின்ன சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் “ஆண்ட்டி, பாருங்க, ஒரு கை விட்டு ஓட்டுவேன்” என்று ஓட்டிக் காட்டினாள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம். அக்கா ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார்.

வெளியே சைக்கிள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். ஆனால் அவர் வாசல்வரைதான் ஓடினார். அங்கே கம்பிக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள், சைக்கிள் அவள் கால்மேல் கிடந்தது, முழங்காலில் இரத்தம் வழிந்து காலுறைவரை வந்திருந்தது. அழவில்லை. தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

“போங்க அக்கா” என்றேன்.

“இரு. கூப்பிடுவா.”

“இரத்தம் வருது அக்கா, போய்த் தூக்குங்க.”

“கூப்பிடுவா, இரு. இப்பக் கூப்பிடுவா.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத அந்தப் பழைய முகம் இல்லை அது. பிச்சை கேட்கிற முகம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார், ஒரு சத்தம் வந்தால் போதும், பாய்ந்துவிடுவார். ஆனால் அது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரிந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, கம்பிக்கதவுக்குப் பின்னால் அம்மா அசையாமல் நின்று பார்ப்பது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

என்னால் முடியவில்லை. அக்காவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். செருப்புப் போடவில்லை, சிமெண்டு காலைச் சுட்டது. சைக்கிளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் குந்தினேன்.

“ரொம்ப வலிக்குதா பாப்பா? அம்மாவ வரச் சொல்லவா?” என்று பெரிய குரலில் கேட்டேன், அக்காவுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

பாப்பா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு என் காதருகில் வந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

“சத்தம் போடாதீங்க ஆண்ட்டி. அம்மா வேல செய்றாங்க.”

அது அக்காவுக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.